அளவுக்கு மீறி ஆங்கிலம் பேசியவர்

கல்வி என்றவுடன் பள்ளிக்கூடமும் கரும்பலகையும் ஆசிரியருமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. பள்ளியின் நிழல் சிறிதளவே கிட்டிய ஓர் அடிமைச் சிறுவர், கப்பல் தளத்தில் தோழர்களோடு உரையாடியே ஆங்கிலம் கற்றார். பிற்காலத்தில் அம்மொழியிலேயே நூலெழுதி, ஆங்கில நாட்டின் மனச்சான்றைத் தட்டியெழுப்பினார். அவரே ஒலாடா ஈக்குவியானோ. நம் இல்லங்களில் முதல் தலைமுறையாக ஆங்கிலம் பயிலும் மாணவ மாணவியர் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் நலம் என்று கருதி, அதனைச் சுருக்கமாக இம்மலரில் வரைகின்றோம்.

தாம் 1745ஆம் ஆண்டில், இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கே வாழும் இக்போ மக்களிடையே பிறந்ததாகவும், ஏறத்தாழ 11 வயதில் தம் சகோதரியோடு கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டதாகவும் அவர் எழுதியுள்ளார். அவருடைய ஞானஸ்நானப் பதிவேடும் பிற்காலக் கப்பல் பதிவேடு ஒன்றும் அவர் பிறந்த இடம் கரோலினா என்று குறிப்பதால், அறிஞர்களிடையே இதுபற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. எங்கே பிறந்தவராயினும், இளமையிலேயே அவர் விலைப்பொருளாக்கப்பட்டார் என்பதில் ஐயமில்லை.

வர்ஜீனியாவில் ஒரு தோட்டத்தில் இருந்தபோது, தம் மொழி அறிந்தார் ஒருவருமின்றி, வாய் திறந்து பேசவும் துணையற்று அவர் வாடினார். பின்னர் ஆங்கிலக் கடற்படை அதிகாரி மைக்கேல் ஹென்றி பாஸ்கல் என்பவர் அவரை விலைக்கு வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். வழியில் அவருக்குக் குஸ்டாவஸ் வாசா என்னும் பெயர் சூட்டப்பட்டது. டேனியர் ஆட்சியிலிருந்து சுவீடனை விடுவித்த மன்னரின் பெயர் அது. விடுதலை வீரர் ஒருவரின் பெயரை ஓர் அடிமைக்கு இட்டு, அதனை ஏற்க மறுத்தமைக்காக அவரை அடிக்கவும் செய்தனர்.

அக்கப்பலில்தான் அவருடைய முதல் ஆசான் கிடைத்தார். ரிச்சர்ட் பேக்கர் என்னும் அந்த அமெரிக்கச் சிறுவர், ஈக்குவியானோவைவிட நான்கைந்து ஆண்டுகளே மூத்தவர், நன்கு படித்தவர். நிறத்தையும் நிலையையும் பாராமல் அவர் நட்புக் கொண்டார். காண்பவற்றையெல்லாம் ஈக்குவியானோ கேட்பார், நண்பர் விளக்குவார். இங்கிலாந்தின் பால்மத் துறைமுகத்தில் ஒருநாள் காலையில் தளமெங்கும் வெண்மையாகக் கிடந்ததைக் கண்டு, யாரோ உப்பைக் கொட்டிவிட்டனர் என்று அவர் ஓடிச்சென்று கூறினார். அதனை அள்ளிச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பனி என்னும் சொல்லை அவர் கற்றது அவ்வாறுதான். தேவாலயத்திற்குச் சென்றபோதும், அங்கு நடப்பது யாது, ஏன் என்று நண்பரிடம் வினவினார். இவ்வாறு மொழியோடு அம்மொழி பேசுவாரின் பழக்கவழக்கங்களும் வரலாறும் அவருக்கு ஒருங்கே விளங்கின.

நண்பரும் பாஸ்கலும் நூல் படிப்பதைக் கண்ட அவர், நூல்கள் அவர்களோடு பேசுவதாக எண்ணினார். தாமும் தனித்திருக்கையில் ஒரு நூலை எடுத்து, அதனோடு பேசி, மறுமொழி வருமென்று செவியை வைத்துக் காத்திருந்தார். அது வாய் திறவாமை கண்டு வருந்தினார். எழுத்தறியாத நம் முன்னோர் பத்திரங்களைக் கையில் ஏந்தி நின்ற நிலையை அறிந்தோர்க்கு இது நகைப்பை விளைவிக்காது.

ஏழாண்டுப் போர்க்காலம் முழுவதும் அவர் கடற்படைக் கப்பல்களில் பணிபுரிந்தார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஆங்கிலம் ஓரளவு நன்றாகவே பேசவும், பிறர் பேசுவதை முற்றும் உணரவும் வல்லவரானார். லண்டனில் பாஸ்கலின் உறவினரான பெண்மணிகள் அவரைச் சிறிது காலம் பள்ளிக்கு அனுப்பினர். 1759 பிப்ரவரியில் வெஸ்ட்மின்ஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வாண்டிலேயே அருமை நண்பர் பேக்கர் இறந்துபட்டார். பின்னர் ஏட்னா என்னும் கப்பலில் டேனியல் குவீன் என்னும் நாற்பது வயது மாலுமி அவரைத் தம் மகன்போல் நடத்தி, விவிலியத்தைப் படித்து விளக்கினார். முடி திருத்தும் தொழிலையும் கற்பித்தார். உரையாடலில் தொடங்கிய கல்வி இங்ஙனம் எழுத்தில் ஊன்றி நிலைபெற்றது.

1762 டிசம்பரில் பேரிடி விழுந்தது. விடுதலை கிட்டுமென்று நம்பியிருந்தவரைப் பாஸ்கல், தேம்ஸ் ஆற்றில் நின்ற ஒரு கப்பலின் தலைவரான ஜேம்ஸ் டோரன் என்பவருக்கு விற்றுவிட்டார். ஈக்குவியானோ அடங்கிப் போகவில்லை. தாம் பல ஆண்டுகள் ஊழியம் செய்ததையும், தம் ஊதியத்தையெல்லாம் பாஸ்கலே எடுத்துக்கொண்டதையும், ஞானஸ்நானம் பெற்ற தம்மை விற்க நாட்டின் சட்டம் இடந்தராது என்பதையும் எடுத்துரைத்தார். அதற்கு டோரன், இவன் அளவுக்கு மீறி ஆங்கிலம் பேசுகிறான் என்று கூறி, வாயை அடக்காவிடில் அடக்கும் வழி தமக்குத் தெரியும் என அச்சுறுத்தினார். அடிமை ஏவலைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு மொழி அறிந்தால் போதும். நியாயம் கேட்கும் அளவுக்கு அறிந்தால் அது குற்றம் என்பதே ஆண்டைகளின் இலக்கணம். அவ்விலக்கணம் நமக்கும் புதிதன்று.

அன்று அவருடைய ஆங்கிலம் அவரைக் காப்பாற்றவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. மேற்கிந்தியத் தீவான மான்செராட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு, ராபர்ட் கிங் என்னும் வணிகருக்கு அவர் விற்கப்பட்டார். ஆயினும் எழுத்தும் கணக்கும் அறிந்திருந்தமையால் கரும்புத் தோட்டத்திற்குத் தப்பி, வணிகப் பணியில் அமர்ந்தார். மூன்று பென்சு கொடுத்து ஒரு கண்ணாடிக் குவளை வாங்கி, ஆறு பென்சுக்கு விற்றுத் தம் சிறு வாணிகத்தைத் தொடங்கினார். வெள்ளையர் பன்முறை ஏமாற்றியும் பறித்தும் கொண்டபோதிலும் தளராது சேமித்து, 40 பவுன் செலுத்தி 1766 ஜூலையில் விடுதலைப் பத்திரம் பெற்றார்.

விடுதலை பெற்றவர் தம்மளவில் நின்றாரில்லை. 1781இல் சாங் என்னும் கப்பலில் ஆப்பிரிக்கர் நூற்றுக்கு மேற்பட்டோர் காப்பீட்டுப் பணத்திற்காக உயிரோடு கடலில் எறியப்பட்டனர். 1783 மார்ச்சில் அச்செய்தியைக் கிரான்வில் ஷார்ப் என்னும் சீர்திருத்தவாதியிடம் கொண்டு சேர்த்தவர் ஈக்குவியானோவே. 1788இல் அரசியாருக்கு விண்ணப்பம் அளித்தார். 1789இல் தம் வாழ்க்கை வரலாற்றை இரு தொகுதிகளாக வெளியிட்டார். அதற்கு 300க்கும் மேற்பட்டோர் முன்பணம் செலுத்தியிருந்தனர். பதிப்புரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து எங்கும் பயணம் செய்து அந்நூலைப் பரப்பினார். அவர் வாழ்நாளிலேயே அது ஒன்பது பதிப்புகள் கண்டது. அதன் முகப்பில், தமக்கு இடப்பட்ட பெயருக்கு முன்பாக, ஒலாடா ஈக்குவியானோ என்னும் பெயரைப் பொறித்தார்.

1792இல் சூசன்னா கல்லன் என்னும் ஆங்கில மங்கையை மணந்து இரு பெண்மக்களைப் பெற்ற அவர், 1797 மார்ச் 31இல் மறைந்தார். பிரிட்டனில் அடிமை வாணிகம் 1807இல் தடை செய்யப்பட்டதைக் காண அவர் இருக்கவில்லை. 1833இல் இயற்றப்பட்ட அடிமை ஒழிப்புச் சட்டமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு விலக்களித்தது. தஞ்சை வயல்களில் அடிமைப்பட்டிருந்த நம் முன்னோர்க்கு ஏட்டளவிலேனும் சட்டம் வந்தது 1843இல்தான்.

மாணவச் செல்வங்களே! பிழை நேருமென்றும் பிறர் நகைப்பரென்றும் அஞ்சி வாய்மூடியிருத்தல் வேண்டா. பனியை உப்பென்று சொன்னவரே பிற்காலத்தில் ஒரு பேரரசின் மனச்சான்றோடு வாதாடினார். தோழரோடு பேசுங்கள், காண்பதைக் கேளுங்கள், கேட்டதை நூலில் தேடிப் படியுங்கள். நியாயம் கேட்க வேண்டிய இடத்தில் அளவுக்கு மீறிப் பேசுகிறீர்கள் என்று எவரேனும் சொல்வாராயின், நீங்கள் நன்கு கற்றுவிட்டீர்கள் என்பதற்கு அதுவே சான்றென்று கொள்ளுங்கள்.