ஓட்டுவதற்காக வாங்கப்படாத மோட்டார் சைக்கிள்

ஜெயபுரம் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் அதை முதலில் வாங்கியவரோடு நின்றுவிடுவதில்லை. அண்ணன் ஓடியதைத் தம்பி வாங்குவான். மாமாவின் வண்டி மருமகனிடம் வந்து சேரும். விலையில் பாதி காசு, மீதி உறவு. கைமாறிய மறுநாளே முற்றத்தில் சாக்கை விரித்து வண்டியைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும் வரை, பழைய வாகனத்தை விட்டால் வேறு வழியும் இருக்கவில்லை.

வன்னிக்கு இது புதிய வேலை அல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் இங்கே மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலால் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத முறை அது. கழற்றியும் பூட்டியும் பார்த்தவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தது.

அந்தக் கைகளுக்கு ஒரு மூத்த உறவினர் உண்டென்றால், அவர் கடலுக்கு அப்பால் கோயம்புத்தூரில் வாழ்ந்தவர். கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஊர் அறிந்த பெயர் ஜி.டி. நாயுடு.

மூன்று ஆண்டுச் சம்பளம்

1893 மார்ச் 23ஆம் திகதி, கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்ற கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர் மீது மண்ணை அள்ளி வீசிய பிள்ளை என்றுதான் அவரது பள்ளிப் பருவம் நினைவுகூரப்படுகிறது. ஆரம்ப வகுப்புகளைத் தாண்டாமலே படிப்பு நின்றது. வயல் வேலைதான் வாழ்க்கை என்று இருந்தது.

அந்தக் கிராமத்து வழியே ஒருநாள் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் நிறுவனம் தயாரித்த வண்டி. மாடோ குதிரையோ இழுக்காமல் தானாக ஓடும் ஒன்றை இளைஞரான துரைசாமி பார்த்தது அதுவே முதல் தடவை. பலரும் அதை வியந்து பார்த்திருப்பார்கள். இவருக்கோ அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

கையில் பணமில்லை. ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போனார். ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சம்பளத்தைச் சேர்த்து, சில நூறு ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். அந்நாளில் கிராமத்து இளைஞன் ஒருவனுக்கு அந்தப் பணம் நிலத்துக்கோ மாட்டுக்கோ கல்யாணத்துக்கோ உரியது.

வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றவில்லை. பாகம் பாகமாகக் கழற்றினார். ஒவ்வொன்றும் எதற்கு, எதனோடு சேர்கிறது என்று பார்த்து மீண்டும் பூட்டினார். அவருடைய முதல் பாடப்புத்தகம் அதுதான். பின்னர் வாகனம் திருத்தும் வேலையே அவரது தொழிலானது.

ஒரு பஸ்ஸிலிருந்து

தொழிலில் அவர் ஏறிய படிகள் எல்லாம் மேல்நோக்கியவை அல்ல. பருத்தி வியாபாரத்தில் இறங்கிச் சம்பாதித்ததைப் பம்பாய்ச் சந்தையில் இழந்தார். மறுபடியும் இயந்திரத்திடமே திரும்பினார். கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த ரொபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயரின் உதவி அப்போது கிடைத்தது. 1920இல் ஒரேயொரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் தானே ஓட்டத் தொடங்கினார்.

அந்த ஒரு பஸ்தான் யூ.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அவருடைய பஸ்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கானது. வண்டி ஏன் பழுதாகிறது என்று கையாலேயே அறிந்த ஒருவர் முதலாளியாக இருந்தது அந்த நிறுவனத்தின் பலம்.

1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று குறிப்பிடப்படுகிறது. பஞ்சாலைகளும் பம்புகளும் நிறைந்த தொழில் நகரமாகக் கோயம்புத்தூர் மாறியதில் அந்த முயற்சிக்கும் பங்குண்டு. உலர் மின்கலத்தில் இயங்கும் சவர இயந்திரம், மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என அவரது பட்டியல் நீளும். மண்ணெண்ணெயில் சுழலும் மின்விசிறி ஒன்றும் அதில் உண்டு. மின்சாரம் எட்டாத வீடுகளை மனதில் வைத்துச் செய்த கருவி அது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய நமக்கு அதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

வீதிக்கு வராத கார்

எல்லாம் நிறைவேறியதா என்றால், இல்லை. 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார். 1952இல் இருவர் அமரக்கூடிய சிறிய பெற்றோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். தயாரிப்புக்கு அரசின் அனுமதிப்பத்திரம் கிடைக்கவில்லை. கார் சந்தைக்கு வராமலே போனது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கழற்றத் தொடங்கியவர் சொந்தமாக ஒரு காரைச் செய்யும் தூரம் வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைத் தடுத்தது அறிவுக் குறைவு அல்ல, ஒரு காகிதம்.

கல்வியிலும் அதே மோதல். 1945இல் கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரி தோன்றக் காரணமானவர்களில் அவர் முதன்மையானவர். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் தொடங்கப்பட்ட அதுவே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அதன் முதல்வர் பொறுப்பையும் வகித்தார். ஆனால் நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணடிக்கிறது, பட்டறையில் வைத்துக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகள் போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. அவரும் இறங்கி வரவில்லை. பொறுப்பை விட்டு விலகினார்.

இந்த இடத்தில் அவர் மீதும் கேள்வி எழுகிறது. விட்டுக் கொடுத்து உள்ளே இருந்திருந்தால், அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தில் கொஞ்சமாவது பட்டறை மணத்தைச் சேர்த்திருக்கலாம். பிடிவாதம் அவரைப் பலவற்றைச் செய்ய வைத்தது. சிலவற்றை இழக்கவும் வைத்தது.

1974 ஜனவரி 4ஆம் திகதி, 80ஆவது வயதில் அவர் காலமானார். கோயம்புத்தூர் அவிநாசி வீதியில் கட்டப்பட்ட ஏறத்தாழ 10 கிலோமீற்றர் நீள மேம்பாலத்துக்கு 2025 ஒக்டோபரில் அவரது பெயர் சூட்டப்பட்டது.

சான்றிதழ் இல்லாத கைகள்

நாயுடுவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு தவறு நடக்கிறது. படிக்காமலே பெரிய ஆளாகலாம் என்பதற்கு அவரை உதாரணம் காட்டிவிடுகிறோம். படிப்பு வேண்டாம் என்று நினைத்தவர் கல்லூரி தொடங்கப் பாடுபடமாட்டார். கையால் கற்றதும் கல்விதான், அதைக் கல்விக்கூடம் ஏற்க வேண்டும் என்பதற்காகவே அவர் சண்டை பிடித்தார்.

அந்தச் சண்டை வன்னியில் இன்னும் முடியவில்லை. யுத்தமும் இடப்பெயர்வும் பாடசாலைக் காலத்தை விழுங்கிய ஒரு தலைமுறை இங்கே கராஜ்களில் நிற்கிறது. சத்தத்தை வைத்தே இயந்திரத்தின் நோயைச் சொல்லக்கூடியவர்கள். ஆனால் நல்ல நிறுவனமொன்றில் வேலை கேட்டாலோ வெளிநாடு போக விண்ணப்பித்தாலோ, முதலில் கேட்கப்படுவது சான்றிதழ்.

நாயுடுவின் காலத்தில் இல்லாத ஒரு கதவு இப்போது உண்டு. இலங்கையின் தேசிய தொழில் தகைமை முறையில், வகுப்பறைக்குப் போகாமல் வேலை செய்தே கற்றவர்களின் திறனையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்க ஏற்பாடு இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை ஊடாக இதற்கு விண்ணப்பிக்கலாம். முறையாகப் படிக்க விரும்புவோருக்கு, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. வாகனத் தொழில்நுட்பமும் அங்கே கற்பிக்கப்படுகிறது.

மாமாவிடம் வாங்கிய பழைய வண்டியைச் சாக்கில் பரப்பி வைத்திருக்கும் பிள்ளையை, படிக்கிற நேரத்தில் கிறீசோடு நிற்கிறான் என்று ஏசுவது வீடுகளில் வழக்கம். வண்டியைப் பூட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அந்த விண்ணப்பப் படிவத்தையும் அவன் கையில் கொடுக்கலாம்.