துன் சம்பந்தனும் புக்கிட் சிடிம் தோட்டமும்

1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் கெடா மாநிலத்தின் தென்பகுதியில் பயணம் செய்தவர்கள் சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்களையே கண்டிருப்பார்கள். சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் ஆகிய ஊர்களைச் சுற்றிப் பெருந்தோட்டங்கள் இருந்தன. அவற்றுள் பல வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்குச் சொந்தமானவை. அங்கே தமிழ்த் தொழிலாளர்கள் இரண்டு மூன்று தலைமுறையாகப் பால்மரம் சீவி வந்தார்கள். வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரைதான் வீடு.

அந்த நாள்களில் தோட்டங்கள் விலைக்கு வரத் தொடங்கின. 1948இல் தொடங்கிய அவசரகாலம் தோட்ட நிர்வாகங்களை அச்சுறுத்தியிருந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றது. புதிய நாட்டில் தங்கள் முதல் பாதுகாப்பாக இருக்குமா என்று சில கம்பெனிகள் ஐயப்பட்டன. செயற்கை ரப்பரின் போட்டியும் வளர்ந்து வந்தது. நல்ல விலை கிடைத்தபோதே விற்றுவிட்டுப் போக அவர்கள் விரும்பினார்கள்.

வாங்கியவர்கள் பெரும்பாலும் நிலத்தை வைத்துக்கொள்ளவில்லை. ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை ஏக்கர் ஐந்நூறு வெள்ளி வீதம் வாங்கினால் ஐந்து இலட்சம் வெள்ளி. அதையே பத்துப் பத்து ஏக்கராகப் பிரித்து, ஏக்கர் எண்ணூறு வெள்ளி வீதம் விற்றால் எட்டு இலட்சம். மரம் ஒன்றுகூட நடாமல் மூன்று இலட்சம் இலாபம். சிறு துண்டுகளை வாங்கப் பலர் இருந்ததால் இந்த வாணிகம் வேகமாகப் பரவியது. இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்றார்கள்.

பத்து ஏக்கர் வாங்கியவருக்கு இரண்டு மூன்று பேர் போதும்; சில வேளைகளில் அவர் குடும்பமே பால் வெட்டிக்கொள்ளும். அவரால் மருந்தகமும் குடியிருப்பும் பள்ளியும் நடத்த முடியாது. எனவே துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளர்கள் வேலையை இழந்தார்கள். வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். சட்டி பானைகளையும் சாமி படத்தையும் கட்டிக்கொண்டு சுங்கைப்பட்டாணிக்கோ பட்டர்வொர்த்துக்கோ போன குடும்பங்களுக்கு அங்கே தெரிந்த தொழில் எதுவும் இல்லை. குடியுரிமை பெறாதவர்களின் நிலை இன்னும் மோசம்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டவர் துன் வீ. தி. சம்பந்தன்.

சம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, உழைப்பால் ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். ஆகவே சம்பந்தன் தோட்டத்தைத் தொழிலாளியின் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தவர் அல்லர். தோட்டத்தின் வரவு செலவும் அவருக்குத் தெரியும். ரப்பர் விலை ஏறும்போது என்ன நடக்கும், இறங்கும்போது எதைக் குறைக்க வேண்டும், மரம் கிழடானால் எவ்வளவு நட்டம் என்பதையெல்லாம் வீட்டிலேயே கண்டவர். பிற்காலத்தில் அவர் செய்த பணிக்கு இந்த அறிவு பெரிதும் உதவியது. கோலகங்சாரில் கிளிஃபர்டு பள்ளியிலும் பின்னர்த் தமிழகத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார்.

1955இல் ம.இ.கா.வின் தலைவரானார், அதே ஆண்டு தொழிலாளர் அமைச்சரானார். விடுதலைக்குப் பாடுபட்ட தலைவர்களுள் அவரும் ஒருவர். சுகாதார அமைச்சராகவும் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராகவும் பல ஆண்டுகள் பணியாற்றினார். இவையெல்லாம் வரலாற்று நூல்களில் விரிவாக உள்ளன. தோட்டப்புற மக்கள் அவரை நினைப்பது வேறொரு காரணத்துக்காக.

துண்டாடலைத் தடுக்கும்படி தொழிற்சங்கத்தினரும் மற்றவர்களும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் தம் நிலத்தை விற்க உரிமையாளருக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. விற்பனையைத் தடுக்க முடியாவிட்டால், வாங்குகிறவர் யார் என்பதையாவது மாற்ற முடியும் என்று சம்பந்தன் கருதினார். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டத்தை வாங்கட்டும் என்பதே அவர் திட்டம். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. அப்போது பால்வெட்டுத் தொழிலாளியின் ஒரு நாள் கூலி ஏறக்குறைய மூன்று வெள்ளி. நூறு வெள்ளி என்றால் ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. ஒரே தடவையில் அதைக் கொடுக்க யாராலும் இயலாது. எனவே சிறு தவணைகளாகச் செலுத்த வழி செய்யப்பட்டது. ஆயிரம் பேர் ஒரு பங்கு வாங்கினால் ஓர் இலட்சம் வெள்ளி. பத்தாயிரம் பேர் வாங்கினால் பத்து இலட்சம். தனி மனிதனால் ஓர் ஏக்கர்கூட வாங்க முடியாத காசு, ஒன்று சேர்ந்தால் ஒரு முழுத் தோட்டத்தையே வாங்கும்.

கணக்கு எளிது, காசு வாங்குவது எளிதன்று. சம்பந்தன் அமைச்சர் வேலைக்கிடையே தோட்டம் தோட்டமாகச் சென்றார். தொழிலாளர்கள் தயங்கியதில் வியப்பில்லை. சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போன கதைகள் எல்லா லயங்களிலும் உண்டு. மகளின் திருமணம், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், மளிகைக்கடைப் பாக்கி என்று ஒவ்வொரு வெள்ளிக்கும் முன்பே ஒரு செலவு காத்திருந்தது. கள்ளுக்கடைக்குப் போன காசும் கொஞ்சமன்று. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அதோடு, நூறு வெள்ளி கட்டினால் தனக்கென்று எந்த நிலம் கிடைக்கும் என்ற கேள்வி இயல்பானது. கூட்டுறவில் யாருக்கும் தனி நிலம் கிடையாது. தோட்டம் முழுவதும் சங்கத்தின் பெயரில் இருக்கும். பால் விற்ற வருமானத்தில் கூலி, உரம், மறுநடவு, கடன் தவணை ஆகியவை போக மிஞ்சுவதை உறுப்பினர்கள் பங்கு ஈவாகப் பெறுவார்கள். ஏன் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கக்கூடாது? பிரித்தால் அதுவும் துண்டாடலே. மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் பால் உறைய வைக்கவும் நல்ல விலைக்கு விற்கவும் மறுநடவு செய்யவும் திணறுவார். கடன் வந்தால் முதலில் விற்பது அந்த நிலத்தைத்தான்.

எந்தத் தோட்டத்தை வாங்குவது என்பதிலும் நிதானம் தேவைப்பட்டது. விலை குறைவு என்பதற்காகத் தோட்டத்தை வாங்கிவிட முடியாது. ரப்பர் கன்று நட்டு ஐந்தாறு ஆண்டுகள் கழித்தே பால் தரும். பிறகு இருபத்தைந்து, முப்பது ஆண்டு பலன் தந்து ஓயும். கிழட்டு மரங்கள் நிறைந்த தோட்டம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் மறுநடவு முடியும்வரை வருமானம் இராது, கூலியோ கொடுத்தாக வேண்டும். இளமரங்கள் உள்ள தோட்டமோ விலை அதிகம். பட்டை பாழாகும்படி வெட்டப்பட்ட மரங்கள், தண்ணீர் தேங்கும் பள்ளக்காடு, நகரச் சாலையிலிருந்து தூரம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஏழைகளின் பணம் என்பதால் தவறுக்கு இடம் மிகக் குறைவு.

1961இல் சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. அதுதான் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம். சோழர் காலத்திலேயே கடாரம் என்று தமிழர் அறிந்திருந்த மண்ணில், பால் வெட்டுகிறவர்களின் காசில் ஒரு முழுத் தோட்டம் கைமாறியது. மறுநாளும் தொழிலாளர்கள் விடியுமுன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, அதே நிரைகளுக்குத்தான் போனார்கள். வாளியும் கத்தியும் மாறவில்லை. ஆனால் எல்லைக் கல் நட்டுத் தோட்டத்தைக் கூறுபோட யாரும் வரவில்லை.

அடுத்து வந்த ஆண்டுகள் சோதனையானவை. 1960இல் ஓர் இராத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விற்றது. பிறகு விலை சரிந்து, 1967, 1968ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியானது. தோட்டம் வாங்கிய கையோடு விலை இறங்குவது எந்த முதலீட்டாளரையும் கலங்க வைக்கும். ஆனாலும் சங்கம் நிலத்தை விற்கவில்லை. விலை தாழ்ந்திருந்தபோதும் வேறு தோட்டங்களை வாங்கியது. காலப்போக்கில் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அதன் கைக்கு வந்தன. ரப்பரோடு செம்பனையும் நடப்பட்டது. செம்பனை ஏறக்குறைய மூன்றாண்டுகளில் பலன் தரத் தொடங்கும். ஒரு பயிரின் விலை விழும்போது மற்றொன்று தாங்கும்.

இத்திட்டம் எல்லாரையும் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. துண்டாடப்பட்ட தோட்டங்களோடு ஒப்பிட்டால் சங்கம் மீட்டவை கொஞ்சமே. பங்குதாரர் ஆன பின்னும் தொழிலாளி கூலிக்காரராகவே இருந்தார்; ஒரு பங்கின் ஈவை வைத்து யாரும் வேலையை விட்டுவிட முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை வரும் அந்தத் தொகை பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கோ தீபாவளிச் செலவுக்கோ உதவும் அளவில்தான் இருந்தது. இருப்பினும், கூலியைத் தவிர வேறு வரவு அறியாத குடும்பங்களுக்கு அது உழைக்காத நாளிலும் வந்த முதல் வருமானம்.

சம்பந்தன் 1967இல் துன் விருது பெற்றார். 1973இல் ம.இ.கா. தலைமையிலிருந்து விலகினார். கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் அவர் கைவிடவில்லை. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் காலமானார். அவருக்குப் பின் டான் ஸ்ரீ கே. ஆர். சோமசுந்தரம் சங்கத்தை நீண்ட காலம் வழிநடத்தினார். கோலாலம்பூரில் சங்கத்தின் தலைமையகம் உள்ள கட்டடத்துக்கு விஸ்மா துன் சம்பந்தன் என்று பெயர்.

தந்தை விட்டுச்சென்ற தோட்ட நிலங்களில் கணிசமான பகுதியைச் சம்பந்தன் தம் பொதுவாழ்க்கைக் காலத்தில் விற்றிருந்தார். கட்சிக்கும் பொதுப்பணிக்கும் அந்தப் பணம் செலவானது. அவர் மறைந்தபோது, தந்தை விட்டுச்சென்றதைவிடக் குறைந்த நிலமே அவர் குடும்பத்திடம் இருந்தது. புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர்களின் சங்கத்திடம் இருந்தது.