433 எலும்பு முறிவு! யார் இந்த பைக் சாகச மன்னன் ஈவல் கனீவல்?

பள்ளிக்கரணை ரேடியல் சாலையில் ராத்திரி வீலிங் பண்ற பசங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய பெயர், ஈவல் கனீவல்.

1938-ல் அமெரிக்காவின் மொன்டானாவில் பிறந்தவர். சாய்தளத்தில் ஏறி, வரிசையா நிற்கும் கார்கள், பேருந்துகளை பைக்கில் தாண்டுவதுதான் இவரோட தொழில்.

1967 டிசம்பர் 31, லாஸ் வேகாஸ். சீசர்ஸ் பேலஸ் ஹோட்டல் நீரூற்றைத் தாண்டினார். பறந்தது சரிதான், இறங்கும்போதுதான் சிக்கல். பைக்கில் இருந்து தூக்கி வீசப்பட்டதில் இடுப்பும் தொடை எலும்பும் நொறுங்கின. தலையில் ஹெல்மெட் இருந்தது, உயிர் தப்பினார். பின்னாளில் ஹெல்மெட் கட்டாயச் சட்டத்துக்கு ஆதரவாகப் பேசினார்.

1975 மே மாதம் லண்டன் வெம்ப்ளியில் 13 பேருந்துகளைத் தாண்டியபோது மறுபடி இடுப்பு உடைந்தது. அக்டோபரில் 14 பேருந்துகளைத் தாண்டிக் காட்டினார். அந்த ஆண்டு முடிவில் 433 எலும்பு முறிவுகள் என்கிறது கின்னஸ் கணக்கு.

அதோட முடியல. ஹெப்படைட்டிஸ் சி தொற்று வந்தது. அறுவை சிகிச்சைகளில் ஏற்றிய ரத்தமே காரணம் என நம்பினார். 1999-ல் கல்லீரல் மாற்று சிகிச்சை. 2007-ல் நுரையீரல் நோயால், 69 வயதில் மறைந்தார்.

தனி இடம், சாய்தளம், ஹெல்மெட், தோல் உடை எல்லாம் இருந்தும் இவருக்கே இந்த நிலைமை. பொதுச் சாலையில் பைக் சறுக்கினா, எதிரே வர்ற குடும்பத்துக்கு இதில் ஒண்ணுமே கிடையாது.