கல் சுமந்து பழகிய டென்சிங்

மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். போடி, சின்னமனூர், கம்பம் என எந்த ஊர்த் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் மலைதான் தெரியும். ஆயினும் நம்மில் எத்தனை பேர் அதன்மீது ஏறியிருக்கிறோம்? இவ்வாண்டு எங்கள் வகுப்பு மாணவர்கள் வனத்துறையின் அனுமதி பெற்று, வழிகாட்டியின் துணையோடு குரங்கணியிலிருந்து மலையேறி அன்றே திரும்புவது என்று திட்டமிட்டோம். உடனே ஒரு வாதம் எழுந்தது. நாள்தோறும் பார்க்கும் மலைக்கு வழிகாட்டி எதற்கு, அந்தப் பணத்தில் நல்ல சாப்பாடு சாப்பிடலாமே என்றனர் சிலர். 2018 மார்ச் 11 அன்று இதே குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 23 பேர் மாண்டதை மற்றவர்கள் நினைவூட்டினர். வாதம் ஓயவில்லை. நான் நூலகத்திற்குச் சென்று, மலை வழிகாட்டிகளுள் உலகமே அறிந்த ஒருவரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவர்தாம் டென்சிங் நார்கே.

டென்சிங் 1914-ஆம் ஆண்டு பிறந்தவர். பிறந்த தேதியைக் குறித்து வைக்கும் வழக்கம் அக்குடும்பத்தில் இல்லை. பயிரின் நிலையையும் பருவத்தையும் கொண்டு மே மாதக் கடைசி என்று கணித்தார்கள். தந்தை எருமை போன்ற யாக் மாடுகளை மேய்ப்பவர். பதின்மூன்று குழந்தைகளில் இவர் பதினோராவது. துறவியாக்க எண்ணி மடத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்து ஓடி வந்துவிட்டார். அவருக்குக் கடைசிவரை எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பல மொழிகள் பேசுவார்.

1932-இல் பிழைப்புத் தேடி டார்ஜிலிங் வந்தார். எவரெஸ்ட் செல்லும் வெள்ளையர் குழுக்கள் அங்கேதான் ஷெர்பா இனத்தவரைச் சுமைதூக்கிகளாக அமர்த்திக் கொண்டன. 1933-இல் இவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். 1935-இல் எரிக் ஷிப்டன் தம் குழுவில் சேர்த்துக் கொண்டார். நற்சான்றிதழ் எதுவும் கையில் இல்லாத இளைஞனை அவர் தேர்ந்ததற்கு அந்த முகத்தின் சிரிப்பே காரணம் என்பர்.

ஷெர்பாக்களைப் பற்றிப் படித்தபோது, நம் குரங்கணி மலையில் வாழும் முதுவர் குடியினரை நினைத்துக் கொண்டேன். மதுரையிலிருந்து மீனாட்சியம்மன் திருவுருவை முதுகில் சுமந்து மலையேறியதால் அப்பெயர் வந்தது என்பது அவர்கள் மரபு. முதுகில் சுமப்பவனுக்கு மலை தெரியும் அளவுக்கு, வெறுங்கையோடு பின்னால் வருபவனுக்குத் தெரியுமா?

1952-இல் சுவிட்சர்லாந்து குழுவினர் டென்சிங்கைச் சுமைதூக்கிகளின் தலைவராக மட்டுமன்றி, மலையேறும் உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டனர். ரேமண்ட் லாம்பெர்ட் என்பவரும் இவரும் ஒரே கயிற்றில் பிணைந்து சுமார் 8,600 மீட்டர் உயரம் வரை சென்றனர். லாம்பெர்ட் பனிக்கடியால் கால்விரல்களை இழந்தவர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. சில சொற்களும் சைகைகளுமே பேச்சு. இவ்விருவர் நட்பைப் போல் என் மனத்தைத் தொட்டது இவ்வரலாற்றில் வேறில்லை.

அதே ஆண்டின் இறுதியில் மீண்டும் ஒரு முயற்சி. அதுவும் கைகூடவில்லை. திரும்பும் வழியில் மலேரியா கண்டு பாட்னா மருத்துவமனையில் படுத்தார்; உடல் மெலிந்தது. அந்த நிலையில்தான் ஜான் ஹண்ட் தலைமையிலான பிரிட்டிஷ் குழுவின் அழைப்பு வந்தது. மனைவி ஆங் லாமுவுக்கு அவரை அனுப்ப மனமில்லை. அவரோ பயிற்சியைத் தொடங்கிவிட்டார். விடியற்காலையில் எழுந்து, முதுகுப் பையில் கற்களை நிரப்பிக்கொண்டு டார்ஜிலிங் குன்றுகளில் ஏறி இறங்கினார். புகையும் மதுவும் தொடவில்லை. ஆறு முறை எவரெஸ்ட் முயற்சிகளில் பங்கு கொண்டு, முப்பத்தெட்டு வயதைக் கடந்த மனிதர் இவ்வாறு பழகினார் என்பதை எங்கள் நண்பர்களிடம் சொன்னேன். மறுநாள் முதல் நாங்கள் சிலர் பையில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளுடன் அதிகாலையில் நடக்கத் தொடங்கினோம். புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்த ஒருவர், அதை இப்போதே போட்டுப் பழகுவது என்று முடிவு செய்தார்.

1953-இல் காட்மாண்டுவில் பிரிட்டிஷ் தூதரகத்தில் ஷெர்பாக்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் வண்டிக் கொட்டகை. கழிப்பிடம்கூட இல்லை. கொதித்தெழுந்தவர்களைச் சமாதானம் செய்யும் பொறுப்பு டென்சிங்குடையதாயிற்று. மலையைவிட இது கடினமான ஏற்றமாக இருந்திருக்கும்!

வழியில் எட்மண்ட் ஹில்லாரி பனிப்பிளவில் விழுந்தபோது கயிற்றை இறுக்கிப் பிடித்துக் காத்தவர் டென்சிங். மே 26-இல் போர்டிலன், எவன்ஸ் இருவரும் உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் கீழே திரும்பிவிட்டனர். அடுத்த முறை ஹில்லாரிக்கும் டென்சிங்குக்கும் வந்தது. கடைசிக் கூடாரத்தில் ஹில்லாரி கழற்றி வைத்த காலணிகள் இரவில் கல்லாய் உறைந்து, அடுப்பில் காட்டி இளக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. டென்சிங் தம் காலணிகளைக் கழற்றவே இல்லை. காலை 6.30-க்குப் புறப்பட்டவர்கள் 11.30-க்கு 8,849 மீட்டர் உச்சியில் நின்றனர். அது 1953 மே 29. உச்சியில் இருந்தது பதினைந்து நிமிடம். மகள் நீமா கொடுத்தனுப்பிய பென்சிலையும் சில இனிப்புகளையும் டென்சிங் பனியில் புதைத்தார்.

இறங்கி வந்ததும், முதலில் கால் வைத்தவர் யார் என்று செய்தியாளர் மொய்த்தனர். நேபாளமும் இந்தியாவும் அவரைத் தத்தமக்கு உரியவர் என்றன. ஹில்லாரிக்கும் ஹண்ட்டுக்கும் சர் பட்டம். டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். இந்த வேறுபாடு எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவரோ 1955-இல் வெளிவந்த தம் வரலாற்றில், ஹில்லாரியே சில அடிகள் முன்னே சென்றார் என்பதை ஒளிக்காமல் கூறிவிட்டார். லண்டன் செல்ல உடையின்றி நின்றவருக்குப் பிரதமர் நேரு தம் சொந்த உடைகளையே எடுத்துக் கொடுத்தார்.

1954-இல் டார்ஜிலிங்கில் இமயமலை ஏற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. டென்சிங் அதன் களப்பயிற்சி இயக்குநரானார். ஏட்டைப் படிக்காத அவர் கயிறு கட்டவும், பனியில் படி வெட்டவும், எப்போது திரும்பிவிட வேண்டும் என்பதை அறியவும் இந்திய இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1959-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1986 மே 9-ஆம் நாள் டார்ஜிலிங்கில் காலமானார். தாம் பயிற்சி அளித்த அந்தக் கழகத்தின் வளாகத்திலேயே அவர் உடலுக்கு எரியூட்டினார்கள்.