சனிக்கிழமைச் சபை: சட்டாம்பிள்ளையும் சமய அதிகாரமும்

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே செல்லும் தெருக்களில் சிறு ஜெபவீடுகள் உண்டு. வாடகைக் கட்டடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓர் ஒலிபெருக்கி. அவற்றை நடத்தும் போதகர் பலருக்குப் பெரிய திருச்சபைகள் வழங்கும் குருப்பட்டம் கிடையாது. போதிக்கும் அதிகாரம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்ற முணுமுணுப்பை நாம் கேட்டிருக்கிறோம். கேள்வி புதிதன்று. எருசலேம் ஆலயத்தில் போதித்துக்கொண்டிருந்த நாசரேத்துக்காரரிடம் தலைமைக் குருக்களும் மூப்பர்களும் கேட்டது இதுவே. அந்த நாசரேத்தின் பெயரைத் தாங்கிய ஓர் ஊர் நம் தென்கோடியிலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவ்வூரில் பணியாற்றிய உபதேசியார் ஒருவர் இதே கேள்வியை வெள்ளை மிஷனரிகளை நோக்கித் திருப்பிவிட்டார். அவரே சட்டாம்பிள்ளை.

இயற்பெயர் அருமைநாயகம். 1823இல் பிறந்தவர். திண்ணைப் பள்ளியில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் நின்று பிள்ளைகளைக் கட்டுப்படுத்தும் மாணவனுக்கு வழங்கிய பெயரே சட்டாம்பிள்ளை. அது அவரோடு ஒட்டிக்கொண்டு வரலாற்றிலும் நிலைத்துவிட்டது. எஸ்.பி.ஜி. எனப்பட்ட ஆங்கிலிக்கச் சங்கத்தின் கீழ் அவர் உபதேசியாராக இருந்தார். மிஷன் அமைப்பில் உபதேசியாரின் இடம் விசித்திரமானது. ஊர் ஊராக நடப்பவரும் ஜெபம் சொல்லித் தருபவரும் மக்களின் வழக்குகளை முதலில் கேட்பவரும் அவரே. திருவிருந்து வழங்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. சம்பளம், இடமாற்றம், நீக்கம் ஆகிய அனைத்தும் மிஷனரி ஒருவரின் கையில் இருந்தன. நாசரேத்தில் பொறுப்பிலிருந்த மிஷனரியோடு ஏற்பட்ட மோதல் முற்றி, 1850ஐ ஒட்டிச் சட்டாம்பிள்ளை வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

தனிமனிதர் ஒருவரின் மனத்தாங்கலாக முடிந்திருக்கக்கூடிய இந்நிகழ்வை ஒரு சமூகத்தின் சினமாக மாற்றியது ஒரு புத்தகம். இடையன்குடியில் பணியாற்றிய இராபர்ட் கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். இன்று நாடார் எனப்படும் சமூகத்துக்கு அன்று வழங்கிய பெயர் அது. அச்சமூகத்தாரை அறிவில் பிற்பட்டோராகவும் பேய் வழிபாட்டினராகவும் அந்நூல் சித்திரித்தது. இங்கிலாந்திலிருந்து நன்கொடை அனுப்புவோர் படிப்பதற்கு அத்தகைய சித்திரம் தேவைப்பட்டது என்றே நாம் கருதுகிறோம். இருள் எவ்வளவு அடர்த்தியோ, விளக்கேற்ற வந்தவரின் பெருமையும் அவ்வளவு. ஆங்கிலம் அறிந்த சட்டாம்பிள்ளையின் கையில் அந்நூல் சிக்கியது. தம் ஞானத்தந்தையர் தம்மைப் பற்றித் தமக்குத் தெரியாத மொழியில் என்ன எழுதிவைத்திருக்கின்றனர் என்பதை அவர் மக்களுக்கு எடுத்துச் சொன்னார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டுத் தமிழுக்குத் தனித்தகுதி பெற்றுத் தந்தவரும் இதே கால்டுவெல்தான். மெரினாவில் அவர் சிலையைக் கடந்து செல்லும் மாணவர்கள் இரண்டையும் நினைவில் கொள்ளலாம்.

மிஷனரிகளைப் பற்றி இவ்வாறு எழுதுவது செங்கல்பட்டுக்காரர்களாகிய நமக்கு எளிதன்று. இங்கே 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலமற்ற நிலையைக் குறித்து அறிக்கை எழுதியதற்கும், மறு ஆண்டில் பஞ்சமி நில ஒதுக்கீடு பிறந்ததற்கும் பின்னணியில், ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ போன்றோரின் ஓயாத முறையீடுகள் இருந்தன. மிராசுதாரர்களின் பகையை அவர்கள் விலைக்கு வாங்கினர். அந்நன்றியை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிறருக்காக நிலம் கேட்டவர்கள், தாம் அமர்ந்திருந்த பீடத்தைப் பகிர முன்வந்தார்களா என்பது வேறு கேள்வி. சட்டாம்பிள்ளை கேட்டது பீடத்தைப் பற்றி.

1857இல் நாசரேத்துக்கு அருகிலுள்ள பிரகாசபுரத்தில் அவர் ஒரு தனிச்சபையை நிறுவினார். கர்த்தராகிய இயேசுவின் இந்து சபை என்பது அதன் பெயர். இந்து என்ற சொல்லை இந்த மண்ணுக்குரியது என்ற பொருளிலேயே அவர் ஆண்டார். இன்றைய அரசியல் பொருளை அதில் ஏற்றிவிடக் கூடாது. ஐரோப்பியரின் பணமும் ஐரோப்பியரின் தலைமையும் அங்கே விலக்கப்பட்டன. ஓய்வுநாள் ஞாயிற்றிலிருந்து சனிக்கு மாறியது. பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளும் தூபமும் முதற்பலன் காணிக்கையும் வழிபாட்டில் இடம்பெற்றன. தரையில் விழுந்து வணங்கினர்.

இவற்றை வெறும் வினோதம் என்று ஒதுக்கினால் அவருடைய வாதத்தின் கூர்மையைத் தவறவிடுவோம். இயேசு யூதர், அவருடைய முதற்சீடர்களும் யூதர், வேதம் கீழைநாட்டில் பிறந்தது. ஆங்கிலேயரோ அவ்வேதத்துக்குப் பிந்திவந்த புறஜாதியார். யூத முறைமைகளை நீக்கித் தம் நாட்டு வழக்கங்களை நுழைத்துவிட்டு, அதையே தூய கிறிஸ்தவம் என்று அவர்கள் விற்கின்றனர் என்பதே அவர் கருத்து. மோசேயின் சட்டங்களோ தம் மக்களின் பழக்கங்களுக்கு நெருக்கமாக இருப்பதாக அவர் கண்டார். ஆதித் திருச்சபையிலேயே இவ்வழக்கு நடந்திருக்கிறது. புறஜாதியார் யூதச் சட்டத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்று எருசலேமில் விவாதம் எழுந்தபோது வேண்டியதில்லை என்ற தரப்பு வென்றது. ஐரோப்பியத் திருச்சபை அவ்வெற்றியின் வாரிசு. பவுலுக்குச் சட்டம் மக்களைப் பிரிக்கும் சுவராகத் தெரிந்தது. சட்டாம்பிள்ளைக்கோ அச்சட்டமே ஐரோப்பாவைத் தாண்டி மூலத்துக்குச் செல்லும் வழி. அவ்வழியில் நின்றால் கால்டுவெல்லும் அவரும் சீனாய் மலையிலிருந்து ஒரே தொலைவில் நிற்பவர்கள். ஒருவர் மற்றவருக்குக் குரு அல்லர்.

பிற்காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தத்தைக் கொண்டு செய்ததும் இதற்கு ஒப்பானதே. நம்மை ஆள்வோரின் சமயத்தைவிட மூத்த ஒன்றைக் கண்டெடுத்து, அதன் முதல் உரிமையாளர் நாமே என்று அவர் அறிவித்தார்.

எனினும் பண்டிதருக்கும் சட்டாம்பிள்ளைக்கும் இடையே நாம் காணும் வேறுபாடு பெரிது. கால்டுவெல் தம் மக்களைத் தாழ்த்திவிட்டார் என்பதே சட்டாம்பிள்ளையின் புண். தாழ்த்துதல் என்பதே இருக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. தம் சமூகத்தார் சத்திரிய வழியினர் என்று நிறுவவே அவர் முயன்றார். தமக்குக் கீழே வைக்கப்பட்டிருந்த பள்ளரும் பறையரும் அவருடைய கணக்கில் இல்லை. மோசேயின் நூல்களில் அடிமைகள் எகிப்திலிருந்து வெளியேறும் கதையும் உண்டு. தீட்டு, தூய்மை, விலக்கு பற்றிய விதிகளும் உண்டு. ஏழையைக் காலில் மிதிக்கும் வழிபாட்டைக் கடவுள் வெறுக்கிறார் என்று முழங்கிய ஆமோசும் அதே வேதத்தில்தான் இருக்கிறார். சட்டாம்பிள்ளை தீட்டு விதிகளை இறுகப் பற்றினார். மாதவிலக்கான பெண்கள் அவர் சபையில் ஒதுங்கியிருக்க வேண்டியிருந்தது. வெள்ளைக் குருவின் பிடியிலிருந்து மீட்ட அதிகாரத்தின் சுமையில் ஒரு பங்கு இவ்வாறு பெண்களின் மீது இறங்கியது.

மிஷன் வட்டாரத்தில் அவரைப் பிடிவாதக்காரராகவும் கலகக்காரராகவும் கண்டனர். ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி ஓய்ந்துவிடவில்லை. 1886இல் சென்னையில் மருத்துவர் பரணி ஆண்டி, பிரிவுகளைக் கடந்த இந்திய தேசியத் திருச்சபை ஒன்றைத் தொடங்கினார். அவரும் அயல்நாட்டுத் தலைமையை ஏற்க மறுத்தவரே.

ஆங்கிலிக்கத் திருச்சபை இந்தியர் ஒருவரை ஆயராக்க 1912 டிசம்பர் வரை காத்திருந்தது. கல்கத்தாவில் அன்று அபிஷேகம் பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில், சட்டாம்பிள்ளையின் சமூகத்திலேயே பிறந்தவர். அப்போது சட்டாம்பிள்ளைக்கு வயது தொண்ணூற்றை நெருங்கிக்கொண்டிருந்தது. பிரகாசபுரத்துச் சபை தொடங்கி 55 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1918இல் அவர் இறந்தார். தாம் விட்டு வெளியேறிய திருச்சபைக்கு அவர் திரும்பவே இல்லை.