பருத்திப் பஞ்சை நம்பிய பினாங்கு மருத்துவர்

முகக்கவசம் என்றதும் கோவிட்-19 காலம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், கொள்ளைநோய்க் காலத்தில் வீடுகளைச் சுத்தம் செய்பவரும் பிணம் தூக்குபவரும் எதை அணிய வேண்டும் என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தீர்மானித்தவர், பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே.

1879-இல் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்து, உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவரானார். பிறகு சீனாவில் இராணுவ மருத்துவக் கல்லூரியில் பணி.

1910 டிசம்பரில், உறைபனி கொட்டும் ஹார்பின் நகருக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே பிளேக் நோய். பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்பது அன்றைய மருத்துவர்களின் நம்பிக்கை. இறந்த பெண் ஒருவரின் உடலைப் பரிசோதித்த வூ, இது நுரையீரலைத் தாக்கும் பிளேக், இருமலின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று கண்டார். காற்றில் வரும் கிருமிக்குக் கையுறை மட்டும் எப்படிப் போதும்? மூக்கையும் வாயையும் மூட வேண்டும் என்றார்.

அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி இதை ஏற்கவில்லை. வூ வயதில் இளையவர் வேறு. வெள்ளை அங்கி, தொப்பி, ரப்பர் கையுறை எல்லாம் அணிந்த மெஸ்னி, முகத்தை மட்டும் மூடாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களில், 1911 ஜனவரியில் இறந்துபோனார். அதன் பிறகு முகம் மூடத் தயங்கியவர்கள் குறைவு.

வூ தேர்ந்தெடுத்த கவசம் மிக எளியது. காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை மூன்றடி நீளத்துக்கு வெட்டி, மடிப்புக்குள் ஆறு அங்குலத்துக்கு நான்கு அங்குலப் பஞ்சை வைக்க வேண்டும். இரு முனைகளையும் கிழித்துத் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டால், வேலையின்போது நழுவாது. விலையோ சில காசுகள்தான். மருத்துவர்களுக்கு மட்டுமல்ல, வீடு வீடாகச் சென்று கார்பாலிக் அமிலம் தெளித்தவர்களுக்கும் அதையே கொடுக்க முடிந்தது.

தரை உறைந்து புதைக்க வழியின்றிக் கிடந்த 2,000-க்கும் அதிகமான சடலங்களை, மன்னரின் அனுமதி பெற்று எரித்தார்கள். மார்ச் மாதத்தில் ஹார்பினில் நோய் அடங்கியது. அதற்குள் மஞ்சூரியா முழுவதும் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தனர்.

1937-இல் மலாயா திரும்பிய வூ, ஈப்போவில் கிளினிக் நடத்தி நோயாளிகளைப் பார்த்து வந்தார். 1960-இல் பினாங்கிலேயே காலமானார்.