ரேங்க் கார்டும் ஒரு வியன்னா டாக்டரும்



ஒரு உண்மையைச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். காலாண்டுத் தேர்வில் கணக்கில் நான் எடுத்தது 31 மார்க். ரேங்க் கார்டை மூணு நாள் அப்பாகிட்ட காட்டாம கணக்கு நோட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். அந்த மூணு நாளும் சோறு இறங்கல. படிச்சு என்ன ஆகப்போகுது, நாம எதுக்கு இருக்கோம்னு ஒரே யோசனை. நூலகத்துல ஒரு மூலையில உட்கார்ந்திருந்தேன். எங்க நூலக டீச்சர் என் முகத்தைப் பார்த்தாங்க. மார்க்கைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல. ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில கொடுத்துட்டுப் போயிட்டாங்க.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் டாக்டர் விக்டர் ஃபிராங்கல். வர்ற திங்கட்கிழமை நமக்கு அரையாண்டு ரேங்க் கார்டு தரப்போறாங்க. அதனாலதான் அவருடைய வாழ்க்கையை இந்த வாரமே எழுதுகிறேன்.

வகுப்பில் எழுந்த கேள்வி

ஃபிராங்கல் 1905-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி, ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா அரசாங்க ஊழியர். வீட்டில் மூன்று பிள்ளைகள். இவர் நடுப்பிள்ளை. முதல் உலகப்போர் வந்தபோது அந்தக் குடும்பமும் பசியை நன்றாகவே பார்த்தது.

அவருக்கு 13 வயது இருக்கும்போது வகுப்பில் அறிவியல் ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். உயிர் என்பது கடைசியில் பார்த்தால் வெறும் எரிதல்தான், ஆக்சிஜனேற்றம்தான், வேறொன்றும் இல்லை என்றார். நாமா இருந்தா அப்படியே நோட்டில எழுதிக்கிட்டிருப்போம்! ஃபிராங்கல் சட்டென்று எழுந்து, அப்படியானால் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டார். அன்று கேட்ட கேள்விக்குத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் பதில் தேடினார்.

பள்ளியில் படிக்கும்போதே உலகப்புகழ் பெற்ற மனநல மேதை சிக்மண்ட் ஃபிராய்டுக்குக் கடிதம் எழுதுவார். அவரும் பதில் போடுவார்! ஃபிராங்கலின் கட்டுரை ஒன்று 1924-இல் ஃபிராய்டின் பத்திரிகையில் வெளிவந்தது. அப்புறம் ஆல்ஃபிரட் ஆட்லர் என்ற இன்னொரு மேதையிடம் சேர்ந்தார். ஃபிராய்ட் மனிதனை உந்துவது இன்பத் தேடல் என்றார். ஆட்லர் மற்றவரை விட மேலே வரும் ஆசை என்றார். இரண்டும் போதாது, மனிதன் முதலில் தேடுவது அர்த்தத்தைத்தான் என்பது ஃபிராங்கலின் கருத்து. கருத்து வேறுபாட்டால் 1927-இல் ஆட்லர் சங்கத்திலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். அதற்காக அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தன் சிகிச்சை முறைக்கு லோகோதெரபி என்று பெயர் வைத்தார். லோகோஸ் என்ற கிரேக்கச் சொல்லை அவர் அர்த்தம் என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்.

மார்க் வரும் வாரம்

இப்போ நான் மூணு தடவை திரும்பத் திரும்பப் படிச்ச பகுதிக்கு வர்றேன்.

ஃபிராங்கல் இன்னும் மருத்துவ மாணவராக இருந்த நேரம். வியன்னாவில் வேலையில்லாத் திண்டாட்டம், வறுமை. பரீட்சை முடிவு வரும் சமயத்தில் சில மாணவர்கள் உயிரையே விட்டுவிடும் கொடுமையும் நடந்தது. 1928 முதல் அவர் இளைஞர்களுக்காக இலவச ஆலோசனை மையங்களைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் வந்து மனதில் உள்ளதைச் சொல்லலாம். 1930-இல் மதிப்பெண் சான்றிதழ் தரும் நாட்களுக்கென்றே தனி ஏற்பாடு செய்தார். பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக அந்த ஆண்டு வியன்னாவில் ஒரு மாணவர்கூட அப்படி உயிரை விடவில்லை!

இதுக்கு புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கல. காது கொடுத்துக் கேட்க ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

வேலை கிடைக்காத இளைஞர்களிடமும் அவர் ஒன்றைக் கவனித்தார். வேலை இல்லை என்றால் நான் உதவாதவன், உதவாதவன் என்றால் வாழ்வதில் அர்த்தமே இல்லை என்று அவர்கள் தாங்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். அவர்களை நூலகத்தில், இளைஞர் சங்கத்தில் சம்பளமில்லாத சேவையில் சேர்த்துவிட்டார். வயிறு காலியாகவே இருந்தும் மனச்சோர்வு போய்விட்டது!

விசாவும் பளிங்குக் கல்லும்

1930-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1938-இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைப் பிடித்தது. 1940-இல் யூதர்களுக்கான ராத்ஸ்சைல்ட் மருத்துவமனையில் நரம்பியல் பிரிவுத் தலைவரானார். மனநோயாளிகளைக் கொன்றுவிடுவது நாஜிகளின் திட்டம். இவர் சான்றிதழில் வேறு நோயின் பெயரை எழுதிப் பல பேரைக் காப்பாற்றினார். மாட்டினால் அவர் உயிருக்கே ஆபத்து.

1941-இல் அமெரிக்கா போக விசா கிடைத்தது. போனால் உயிர் தப்பலாம். ஆனால் வயதான அப்பா அம்மாவை விட்டுவிட்டுப் போக வேண்டும். என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தார். வீட்டுக்கு வந்தபோது மேசைமேல் ஒரு பளிங்குத் துண்டு இருந்தது. நாஜிகள் அழித்த யூத ஆலயத்தின் இடிபாட்டிலிருந்து அப்பா எடுத்து வந்தது. அதில் ஒரே ஒரு எபிரேய எழுத்து. பத்துக் கட்டளைகளில், தாய் தந்தையரை மதிக்கச் சொல்லும் கட்டளைக்குரிய எழுத்து அது. ஃபிராங்கல் போகவில்லை. விசா காலாவதியானது.

அந்த டிசம்பரில் டில்லி என்ற நர்ஸைத் திருமணம் செய்துகொண்டார். ஒரு வருடம்கூட முடியவில்லை. 1942 செப்டம்பரில் அவரையும் மனைவியையும் பெற்றோரையும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அப்பா அங்கேயே இறந்தார்.

கைதி எண் 119104

1944 அக்டோபரில் ஃபிராங்கலை ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். பட்டியலில் பெயர் இல்லாத டில்லியும் தானே விரும்பி உடன் போனார். அங்கே இருவரையும் பிரித்துவிட்டார்கள். ஃபிராங்கல் தன் முதல் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியைக் கோட்டுக்குள் மறைத்து வைத்திருந்தார். அதையும் இழந்தார். மிஞ்சியது ஒரு எண் மட்டும்.

பிறகு ஜெர்மனியில் டாஹாவைச் சேர்ந்த முகாம்களில் மண் வெட்டினார், ரயில் பாதை போட்டார். தண்ணீர் போன்ற சூப்பும் சிறு ரொட்டித் துண்டும்தான் சாப்பாடு. அந்த நிலையிலும் அவருக்குள் இருந்த டாக்டர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்தார். 1944 கிறிஸ்துமஸுக்கும் 1945 புத்தாண்டுக்கும் இடையில் முகாமில் சாவு அதிகமானது. வேலையும் சாப்பாடும் முன்பு போலத்தான் இருந்தன. கிறிஸ்துமஸுக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கை உடைந்துபோனதே காரணம் என்று கண்டார்கள். ஆனா ஒண்ணு, நம்பிக்கை இருந்தவங்க எல்லாரும் பிழைச்சாங்கன்னு அவர் சொல்லல. பிழைத்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, மிக நல்லவர்கள் திரும்பி வரவே இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்.

முகாமில் இரண்டு பேர், வாழ்க்கையிடம் எதிர்பார்க்க இனி ஒன்றும் இல்லை என்று சாகத் துணிந்தார்கள். ஃபிராங்கல் கேள்வியையே திருப்பிப் போட்டார். வாழ்க்கை உங்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்று யோசிக்க வைத்தார். ஒருவருக்கு வெளிநாட்டில் பிள்ளை காத்திருந்தது. இன்னொருவர் ஒரு விஞ்ஞானி, அவர் எழுதிய புத்தக வரிசை பாதியில் நின்றிருந்தது. அந்தப் பிள்ளைக்கு வேறு அப்பா கிடையாது. அந்தப் புத்தகத்தை வேறு யாரும் எழுத முடியாது. இருவரும் மனம் மாறினார்கள்.

கடைசியில் ஃபிராங்கலுக்கே டைபஸ் காய்ச்சல் வந்தது. இழந்த புத்தகத்தை மறுபடி எழுத, துண்டுத் தாள்களில் குறிப்பு எழுதியபடியே இரவுகளைக் கடந்தார். 1945 ஏப்ரல் 27 அன்று அமெரிக்கப் படை அவர்களை விடுவித்தது.

ஒன்பது நாளில் ஒரு புத்தகம்

வியன்னாவுக்குத் திரும்பினார். அம்மா இல்லை. அண்ணன் இல்லை. டில்லியும் இல்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்த தங்கை மட்டும்தான் மிச்சம். அந்தத் துக்கத்திலும் உட்கார்ந்து, இழந்த புத்தகத்தை மறுபடி எழுதி முடித்தார். பிறகு முகாம் அனுபவங்களை ஒன்பதே நாட்களில் சொல்லி எழுத வைத்தார். நான் படித்தது அந்தப் புத்தகம்தான். 1946-இல் வெளிவந்த அது, அவர் இறப்பதற்குள் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது.

அதன்பின் சுமார் 25 ஆண்டுகள் வியன்னா பாலிகிளினிக் மருத்துவமனையில் நரம்பியல் பிரிவை நடத்தினார். 1947-இல் மறுமணம், ஒரு மகள். மலை ஏறுவதில் கொள்ளை ஆசை. 67 வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்! இவ்வளவு இழந்தும், ஒரு இனத்தையே மொத்தமாகக் குற்றவாளி என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை.

அர்த்தம் கிடைக்க மூன்று வழிகள் உண்டு என்றார். நாம் செய்யும் வேலை ஒன்று. அன்பு இன்னொன்று. தவிர்க்கவே முடியாத துன்பம் வந்தால் அதை நாம் ஏற்கும் விதம் மூன்றாவது. மனைவியை இழந்து துயரத்தில் இருந்த முதிய டாக்டர் ஒருவர் அவரிடம் வந்தார். நீங்கள் முதலில் போயிருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்று கேட்டார் ஃபிராங்கல். இந்தத் துயரம் தன் மனைவிக்கு வராமல் தான் சுமக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்தது. கை குலுக்கிவிட்டு எழுந்து போனாராம். இதை எங்க தாத்தாகிட்ட படிச்சுக் காட்டினேன். பாட்டி போய் ஒரு வருஷம் ஆச்சு. தாத்தா ஒண்ணும் பேசல. இன்னொரு தடவை படின்னு மட்டும் சொன்னாரு.

டாக்டர் ஃபிராங்கல் 1997 செப்டம்பர் 2-ஆம் தேதி தன் 92-ஆம் வயதில் வியன்னாவில் காலமானார்.

கடைசியா ஒண்ணு. நாலாவது நாள் நான் ரேங்க் கார்டை அப்பாகிட்ட கொடுத்துட்டேன். திட்டு விழுந்தது, கையெழுத்தும் விழுந்தது. அரையாண்டில் எவ்வளவு வரும்னு தெரியாது. ஆனா திங்கட்கிழமை சாயங்காலம் மணி அடிச்சதும் நூலகம் திறந்திருக்கும், டீச்சர்கிட்ட கேட்டுட்டேன். நானும் என் தோழிகள் ரெண்டு பேரும் அங்கே இருப்போம். கார்டோட வீட்டுக்குப் போக யாருக்கெல்லாம் பயமா இருக்கோ, வாங்க. அறிவுரை எல்லாம் சொல்ல மாட்டோம். கொஞ்ச நேரம் பேசிட்டு, சேர்ந்தே வீடு வரைக்கும் நடக்கலாம்.



– 11-ஆம் வகுப்பு மாணவி